பூசணிப் பிஞ்சு வெம்புதா? பூவின் தேனைப் பாருங்கள்
பூசணிப் பூ விடியலில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். அதற்குள் தேன் நன்றாக ஊறினால்தான் தேனீ திரும்பத் திரும்ப வரும். பெண்பூவுக்கு (அடியில் பிஞ்சோடு இருக்கும் பூ) ஒரு வருகை போதாது. மகரந்தம் குறைந்தால் பிஞ்சு மஞ்சளித்து வெம்பும், தப்பினாலும் காய் கோணும்.

மண் காய்ந்தால் தேன் குறையும். எனவே பூக்கும் சமயத்தில் வயலைக் காயவிடாமல் சாயங்காலமே தண்ணீர் பாய்ச்சுங்கள். இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். செடிக்குள் ஏறித் தேனிலேயே கலந்துவிடும். வேறு மருந்தானாலும் பூ சுருங்கிய பிறகு, மாலையில்தான்.

திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம், வள்ளியூர் பக்கம் ஆடிக்காற்றில் தேனீ பறக்கவே திணறும். மேற்கு வரப்பில் அகத்தியை நெருக்கி விதையுங்கள். காற்று ஓயாத நாளில், காலை 9 மணிக்குள் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மகரந்தத்தைத் தடவிவிடுங்கள்.