மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களை: முளைத்த பிறகு மருந்து அடிப்பது எப்படி?

பயிர் முழங்கால் உயரம் வந்த பிறகு களையைப் பார்த்துப் பதறி மருந்து வாங்க ஓடுபவர்கள்தான் அதிகம். விதைத்து 15–20 நாளில், களை 2 முதல் 4 இலையோடு இருக்கும்போதே அடித்துவிடுங்கள். ஒரு சாண் வளர்ந்த களை அதே மருந்துக்குக் கொஞ்சம் வாடும், அப்புறம் பக்கக் கிளை விட்டு எழுந்துவிடும்.

முதலில் வயலில் இறங்கிக் குனிந்து பாருங்கள். சாரணை, குப்பைமேனி, தொய்யக்கீரை, பார்த்தீனியம் எல்லாம் அகன்ற இலை. நரம்பு வலைபோல் பின்னியிருக்கும். புல்லில் நரம்பு நேராக ஓடும். கோரைத் தண்டை விரலில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும்.

சரி, எந்த மருந்து? 2,4-டி அகன்ற இலையை மட்டும் முறுக்கிக் கொல்லும், புல் அப்படியே நிற்கும். பயிர் 20 செ.மீ. தாண்டுவதற்குள் அடிக்க வேண்டும். தாமதித்தால் தண்டு சில நாளைக்கு விறைத்துப்போய், காற்றடித்தால் மடக்கென்று ஒடியும். பக்கத்தில் பருத்தி, தக்காளி, திராட்சை இருந்தால் இதை நினைக்கவே வேண்டாம். டெம்போட்ரியோன், டோப்ரமெசோன் இரண்டும் பல புல்வகைகளையும் சேர்த்துப் பிடிக்கும். களையின் குருத்து வெள்ளைவெளேரென்று வெளுத்துப்போகும். பயறு ஊடுபயிராக இருந்தால் இவை எதுவும் ஆகாது. கிளைபோசேட்டைத் தொடாதீர்கள், அதைத் தாங்கும் ரகமாக இல்லாவிட்டால் மக்காச்சோளமே போய்விடும்.

அடுத்ததுதான் பெரும்பாலோர் கோட்டை விடும் இடம், தண்ணீர் அளவு. 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் போட்டு, டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, வழக்கமான நடையில் அடித்துப் பாருங்கள். 5 லிட்டர் செலவானால், ஏக்கர் ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர் என்பதால், 40 மடங்கு, அதாவது 200 லிட்டர். 16 லிட்டர் டேங்கில் அது பன்னிரண்டரை டேங்க். லேபிளில் ஏக்கருக்கு 400 மி.லி. என்று இருந்தால் (இது கணக்குக்காகச் சொன்ன எண்) டேங்குக்கு 32 மி.லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவதை விட்டுவிடுங்கள், அளவுக்குவளைதான் வேண்டும். ஒட்டும் திரவம் சேர்க்கச் சொல்லியிருந்தால் அதையும் விடாமல் சேருங்கள்.

பூச்சி மருந்துக்குப் போடும் கூம்பு நாசிலைக் கழற்றிவிட்டுத் தட்டை விசிறி நாசில் மாட்டுங்கள். மண் ஈரமாகவும் காற்று லேசாகவும் இருக்கும் காலை நேரம் நல்லது. மழை மூட்டம் இருந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம். கையை வீசி வீசி அடிக்காமல், நாசிலை ஒரே உயரத்தில் பிடித்து நேராக நடங்கள், அடித்த இடத்திலேயே திரும்ப அடிக்காதீர்கள்.

முடிந்ததும் டேங்க், குழாய், நாசில் எல்லாவற்றையும் குறைந்தது மூன்று முறை கழுவுங்கள், அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகக்கூடாது. 2,4-டி அடித்த டேங்கை ஒரு முறை மட்டும் அலசிவிட்டுப் பருத்திக்குப் பூச்சி மருந்து அடித்தேன். பத்து நாளில் பருத்தி இலை வெண்டை இலைபோல் விரல் விரலாகப் பிரிந்து நின்றது. அன்றிலிருந்து களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான்தான்.