கவராயத்தை எடுத்து ஒரு ஹூக்கல் கணக்கு

எரிக் ஹூக்கல் இயற்பியல்காரர். இன்னொரு இயற்பியல்காரர் டிபையுடன் சேர்ந்து 1923இல் உப்புக் கரைசல்களுக்குக் கொடுத்த கோட்பாடு உடனே பெயர் வாங்கித் தந்தது. 1931இல் ஆறு கார்பன் வளையமான பென்சீனைப் பற்றி எழுதியதைத்தான் வேதியியலாளர்கள் ரொம்ப நாள் சீந்தவில்லை. அவ்வளவு கணிதம்! அதன் சாரத்தை ஒரு வட்டத்துக்குள் அடக்கியவர்கள் ஃப்ராஸ்டும் முசுலினும், 1953இல். மாணவர்களுக்கு நான் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

4 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். மையத்தின் வழியே படுக்கைக் கோடு ஒன்று. அது ஆல்ஃபா, தனிக் கார்பனில் எலக்ட்ரான் இருக்கும் மட்டம். 2 செ.மீ. என்பது ஒரு பீட்டா, அதாவது பக்கத்துப் பக்கத்துக் கார்பன்கள் பிணைவதன் வலுவை அளக்கும் ஆற்றல் அலகு. இப்போது ஒரு முனை நேர் கீழே வரும்படி வட்டத்துக்குள் பென்சீனுக்கான அறுகோணம் வரையுங்கள். முனை ஒவ்வொன்றும் ஓர் ஆற்றல் மட்டம். கோட்டுக்குக் கீழே 4 செ.மீ.யில் ஒன்று, 2 செ.மீ.யில் இரண்டு, மேலேயும் அப்படியே. கீழே போகப்போக எலக்ட்ரானுக்கு நிம்மதி.

கார்பனுக்கு ஒன்றாக வளையம் முழுக்கப் பரவியிருப்பவை பை எலக்ட்ரான்கள். அந்த ஆறையும் மட்டத்துக்கு இரண்டாக அடியிலிருந்து நிரப்புங்கள். ஆழங்களைக் கூட்டினால் 16 செ.மீ., அதாவது 8 பீட்டா. மூன்று இரட்டைப் பிணைப்புகள் தனித்தனியாக இருந்திருந்தால் 6 பீட்டாதான். மிச்சம் 2 பீட்டா, வளையமாக இருப்பதற்குக் கிடைத்த லாபம். நான்கு கார்பன் வளையத்துக்கான சதுரத்துக்கும் இதையே செய்யுங்கள்: லாபம் பூஜ்யம். போதாததற்கு இரண்டு எலக்ட்ரான்கள் நடுக்கோட்டில் ஆளுக்கொரு மட்டத்தில் ஒற்றையாக நிற்கும்.

முனை கீழே என்பதை மறக்காதீர்கள். அறுகோணத்தைத் தலைகீழாக்கினாலும் தப்பு தெரியாது, ஐந்து கார்பன் வளையத்துக்கான ஐங்கோணம் காட்டிக்கொடுத்துவிடும். படிக்கும் காலத்தில் ஒரு தேர்வில் முனையை மேலே வைத்தேன். அடி இரண்டு மட்டங்களும் நான்கு எலக்ட்ரானில் நிரம்பின. ஐந்தில் ஒரு எலக்ட்ரானை இழந்த நேர் அயனிதான் நிலையானது என்று தைரியமாக எழுதிவிட்டு வந்தேன். சரியாக வரைந்தால் 4 செ.மீ.யில் ஒன்று, ஏறக்குறைய 1.2 செ.மீ.யில் இரண்டு. மூன்றும் நிரம்ப ஆறு எலக்ட்ரான் வேண்டும், ஆகவே ஒன்று கூடுதலாகப் பெற்ற எதிர் அயனி. ஐந்து கார்பன் வளையமான சைக்ளோபென்டாடையீன் ஒரு ஹைட்ரோகார்பனாக இருந்தும் புரோட்டானை இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்து அந்த எதிர் அயனியாவது அதனால்தான்.

வளையம் தட்டையாக இல்லாவிட்டால் இந்தப் படம் உதவாது. எட்டு கார்பன் கொண்ட சைக்ளோஆக்டாடெட்ராயீன் தொட்டி போல் வளைந்து கிடக்கும். அதற்கு வட்டம் போட்டுப் பயனில்லை.

அப்புறம் எழுகோணம். கோட்டுக்குக் கீழே மூன்று முனைகள், ஆறு எலக்ட்ரான். ஏழு கார்பனுக்கு ஆறுதான் என்றால் ஒன்றை இழந்த நேர் அயனி. வேதியியலாளர்கள் டோரிங்கும் நாக்ஸும் 1954இல் அந்த அயனியின் புரோமைடைத் தயாரித்தார்கள். சாதாரண உப்பைப் போலவே தண்ணீரில் கரைந்தது.