கம்பெனியின் வங்கிக் கடன் நிபந்தனைகளைப் படித்துக் கண்காணிப்பது எப்படி?

வங்கியிலிருந்து சாங்ஷன் லெட்டர், அதாவது கடன் ஒப்புதல் கடிதம், வந்ததும் பெரும்பாலான நிறுவனங்களில் கடன் தொகை, வட்டி, மாதத் தவணை ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்துவிடுகிறார்கள். பின்னாளில் சிக்கல் எழுவதோ பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் உள்ள நிபந்தனைகளால்தான். அந்தப் பக்கங்களை எப்படிப் படிப்பது, எப்படி மாதந்தோறும் கணக்கிட்டுக் கண்காணிப்பது என்பதை, கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் சிறுதொழில் முனைவோரையும் மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்திற்குக் கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்களை வார்க்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இது கற்பனை நிறுவனம். அன்றாடத் தேவைக்கு எடுத்துக் கட்டி, மறுபடி எடுக்கக்கூடிய 1 கோடி ரூபாய் கேஷ் கிரெடிட் லிமிட்டும், இயந்திரம் வாங்க ஐந்தாண்டுகளில் திருப்பிச் செலுத்தும் 60 லட்சம் ரூபாய் டேர்ம் லோனும் அதற்கு உள்ளன.

படி 1: ஆவணங்களை ஒன்றுசேர்த்தல்

சாங்ஷன் லெட்டர், கடன் ஒப்பந்தம், சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் ஈடுகாட்டும் ஹைப்பாதிகேஷன் பத்திரம், சொத்து ஆவணங்களை ஒப்படைத்த குறிப்பு, இயக்குநர்களின் ஜாமீன் பத்திரம் ஆகிய அனைத்தின் நகலும் உங்களிடம் இருக்க வேண்டும். நிறுவனம் தன் சொத்தின்மீது வங்கிக்குக் கொடுத்த ஈட்டுரிமையை, 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 77ஆம் பிரிவின்படி, 30 நாட்களுக்குள் சி.எச்.ஜி.-1 படிவத்தில் கம்பெனிகள் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அங்கே பதிவாகியிருக்கும் தொகையும் சொத்து விவரமும் சாங்ஷன் லெட்டரோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

படி 2: டிராயிங் பவரைக் கணக்கிடுதல்

லிமிட் 1 கோடி என்றால் 1 கோடியையும் எடுக்கலாம் என்று நினைப்பதுதான் புதியவர்கள் முதலில் தடுமாறும் இடம். லிமிட் என்பது உச்சவரம்பு மட்டுமே. ஒரு மாதத்தில் உண்மையில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை, நீங்கள் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை (சரக்கு, பாக்கி விவர அறிக்கையை) வைத்து வங்கி கணக்கிடும் டிராயிங் பவர்தான் தீர்மானிக்கிறது. இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை.

நம் நிறுவனத்தில் மாதக் கடைசியில் பிக் அயர்ன், ஸ்கிராப், பாதி முடிந்த வார்ப்புகள், முடிந்த சரக்கு எல்லாம் சேர்த்து 90 லட்சம் ரூபாய்க்கு ஸ்டாக் இருக்கிறது. அதில் 30 லட்சத்துக்கு இன்னும் சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கவில்லை. பணம் கொடுக்காத சரக்கின்மீது வங்கி கடன் தராது என்பதால் மிஞ்சுவது 60 லட்சம். அதில் 25 சதவீத மார்ஜின், அதாவது நிறுவனம் தன் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, போக 45 லட்சம். அடுத்தது வரவேண்டிய பாக்கி. மொத்தம் 80 லட்சத்தில் 90 நாட்களைத் தாண்டியது 15 லட்சம், சகோதர நிறுவனத்திடமிருந்து வரவேண்டியது 5 லட்சம். இவ்விரண்டையும் இந்த வங்கி ஏற்பதில்லை. மீதி 60 லட்சத்தில் 40 சதவீத மார்ஜின் போக 36 லட்சம். ஆக டிராயிங் பவர் 81 லட்சம்.

கணக்கிலோ 88 லட்சம் எடுக்கப்பட்டிருக்கிறது. லிமிட்டுக்குள் 12 லட்சம் மீதம் இருப்பதுபோல் தோன்றினாலும், இந்தக் கணக்கு 7 லட்சம் அளவுக்கு வரம்பு மீறியிருக்கிறது. இந்த மீறல் 30 நாட்களைத் தாண்டினால் எஸ்.எம்.ஏ.-1 (சிக்கலின் அறிகுறி தெரிவதால் தனிக் கவனத்தில் வைக்கப்படும் கணக்கு), 60 நாட்களைத் தாண்டினால் எஸ்.எம்.ஏ.-2, 90 நாட்களைத் தாண்டினால் வாராக்கடன் என்பது ரிசர்வ் வங்கியின் வகைப்பாடு. கோடைக்காலத்தில் விற்று, மழைக்காலத்தில் வசூலுக்காகக் காத்திருக்கும் பம்ப்செட் தொழிலில், பாக்கிகள் 90 நாட்களைத் தாண்டும்போது டிராயிங் பவர் தானாகவே சுருங்கும். எனவே டீலர்களின் பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் விற்பனைப் பிரிவுக்கும் வேண்டும்.

மார்ஜின் சதவீதமும், எத்தனை நாள் பாக்கி ஏற்கப்படும் என்பதும் வங்கிக்கு வங்கி மாறும். உங்கள் சாங்ஷன் லெட்டரில் உள்ள எண்களை மட்டுமே பயன்படுத்துங்கள்.

படி 3: விகித நிபந்தனைகளை நீங்களே போட்டுப் பார்த்தல்

கடன் நிபந்தனைகளில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை, காப்பாற்ற வேண்டிய நிதி விகிதங்கள் என்று மூன்று வகை உண்டு. இவற்றுள் மூன்றாவது வகைதான் ஓசையின்றி மீறப்படுகிறது; ஏனென்றால் யாரும் தவறு செய்ததாக உணராமலே விகிதம் சரிந்துவிடும்.

கரண்ட் ரேஷியோ என்னும் நடப்பு விகிதத்தை எடுத்துக்கொள்வோம். ஓராண்டுக்குள் பணமாகக்கூடிய நடப்புச் சொத்துக்களை, ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய நடப்புப் பொறுப்புகளால் வகுத்தால் இது கிடைக்கும். நம் நிறுவனத்தின் நடப்புச் சொத்துக்கள் 190 லட்சம். நடப்புப் பொறுப்புகள்: கேஷ் கிரெடிட் 88, சப்ளையர்கள் 30, ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய டேர்ம் லோன் தவணை 12, இதர செலவுகள் 10, ஆக 140 லட்சம். விகிதம் 1.36. வங்கி கேட்பது 1.33 என்றால் தேர்ச்சிதான். இப்போது ஒரு டீலர் 20 லட்சம் பாக்கியைக் கட்டுகிறார். அதைக் கேஷ் கிரெடிட் கணக்கில் நிற்கவிடாமல் நிறுவனம் ஒரு சி.என்.சி. இயந்திரத்துக்கு (கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரத்துக்கு) கொடுத்துவிடுகிறது. புதுக்கடன் இல்லை, நஷ்டம் இல்லை, கையிலும் நல்ல இயந்திரம். ஆனால் நடப்புச் சொத்து 170 லட்சமாகக் குறைய, பொறுப்பு 140 லட்சமாகவே நிற்க, விகிதம் 1.21 ஆகிவிட்டது. நிபந்தனை மீறப்பட்டுவிட்டது. அதோடு, குறுகியகாலப் பணத்தை நீண்டகாலச் சொத்தில் முடக்குவதை வங்கிகள் நிதியைத் திசைதிருப்புவதாகவே பார்க்கின்றன; வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர் என்று ஒருவரை வகைப்படுத்தும் ரிசர்வ் வங்கி விதிகளிலும் இதற்கு இடமுண்டு. இயந்திரத்துக்கு டேர்ம் லோன் கேட்பது சற்று அலைச்சல்தான், ஆனாலும் அதுதான் சரியான வழி.

இந்த 1.33 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதுண்டு. 1970களில் ரிசர்வ் வங்கி அமைத்த டாண்டன் குழு பரிந்துரைத்த இரண்டாவது முறைப்படி, நடப்புச் சொத்துக்களில் கால் பங்கை நிறுவனம் நீண்டகால நிதியிலிருந்து போட வேண்டும். நூறை எழுபத்தைந்தால் வகுத்தால் 1.33. சிறு நிறுவனங்களுக்கான நாயக் குழு முறையில், எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை (அன்றாடத் தொழிலை நடத்தத் தேவைப்படும் பணம்) என்று கொண்டு 20 சதவீதத்தை வங்கியும் 5 சதவீதத்தை நிறுவனமும் போடுவதால் அங்கே கணக்கு 1.25 ஆகிறது. உங்கள் லிமிட் எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்று தெரிந்திருந்தால், 1.33 கேட்கும் வங்கியிடம் பேரம் பேச ஓர் அடிப்படை கிடைக்கும்.

சூத்திரத்தின் வரையறையையும் கவனியுங்கள். சில வங்கிகள் டேர்ம் லோன் தவணையை நடப்புப் பொறுப்பில் சேர்ப்பதில்லை. அப்படி விட்டுவிட்டால் நம் நிறுவனத்தின் விகிதம் 1.36 அல்ல, 1.48. கடிதத்தில் வரையறை இல்லையென்றால் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது டி.எஸ்.சி.ஆர்., அதாவது கடனைக் கட்டும் திறன். வரிக்குப் பிந்தைய லாபம் 14, தேய்மானம் 9, டேர்ம் லோன் வட்டி 5, மொத்தம் 28 லட்சம். ஆண்டில் கட்ட வேண்டிய அசல் 12, வட்டி 5, மொத்தம் 17 லட்சம். விகிதம் 1.65. லாபம் 2 லட்சமாகச் சரிந்தால் இதுவே 0.94 ஆகிவிடும். மொத்த வெளிக்கடனை நிகர மதிப்பால் (பங்கு மூலதனமும் சேர்த்துவைத்த லாபமும்) வகுக்கும் விகிதமும் இருக்கும். இயக்குநர் தந்த கடனை மூலதனம்போல் கருதி வங்கி இந்த விகிதத்தைக் கணக்கிட்டிருந்தால், அந்தப் பணத்தை இடையில் அவருக்குத் திருப்பித் தர முடியாது.

படி 4: செய்யக்கூடாதவற்றைப் பட்டியலிடுதல்

வங்கியின் முன் அனுமதியின்றி வேறிடத்தில் கடன் வாங்குதல், பிற நிறுவனத்துக்கு ஜாமீன் நிற்றல், சகோதர நிறுவனத்தில் முதலீடு செய்தல், பங்குதாரர் அமைப்பை மாற்றுதல், தவணை பாக்கி இருக்கையில் டிவிடெண்ட் வழங்குதல் ஆகியவை வழக்கமாக இந்தப் பட்டியலில் இருக்கும். குடும்ப நிறுவனங்களில் அப்பா தன் பங்குகளை மகள் பெயருக்கு மாற்றுவதை வீட்டு விஷயமாக நினைத்துவிடுகிறார்கள். வங்கிக்கு அது நிபந்தனை மீறல். அவசரத்துக்கு நிதி நிறுவனம் ஒன்றில் எடுத்த வாகனக் கடனும் அப்படியே.

படி 5: தேதிகளைக் காலண்டரில் ஏற்றுதல்

ஸ்டாக் ஸ்டேட்மென்ட், தணிக்கையான பேலன்ஸ் ஷீட், வங்கியின் பெயர் குறிப்பிடப்பட்ட காப்பீட்டுப் புதுப்பிப்பு, லிமிட் புதுப்பிப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதியும் ஒரு பொறுப்பாளரும் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வைத்துப் பணம் எடுத்தால் அது முறையற்றதாகக் கருதப்படும். அந்த நிலை 90 நாட்கள் நீடித்தால், தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்தாலும், கணக்கு வாராக்கடனாகிவிடும். உரிய தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் லிமிட் புதுப்பிக்கப்படாவிட்டாலும் இதே கதிதான்.

ஸ்டேட்மென்ட்டில் ஸ்டாக்கைச் சற்றே ஏற்றிக் காட்டும் பழைய வழக்கம் இப்போது எளிதில் அம்பலமாகிறது. நடப்புச் சொத்தை ஈடுகாட்டிக் கடன் வாங்கிய கம்பெனிகள், வங்கிக்குக் கொடுத்த காலாண்டு அறிக்கைகள் கணக்குப் புத்தகங்களோடு ஒத்துப்போகின்றனவா என்பதை, 2021 ஏப்ரல் முதல், நிதிநிலை அறிக்கையிலேயே வெளியிட வேண்டும். எந்தக் கட்டத்திலாவது 5 கோடிக்கு மேல் லிமிட் பெற்றிருந்தால், ஆடிட்டரும் கேரோ 2020 என்னும், கம்பெனி தணிக்கை அறிக்கைக்கான அரசு ஆணைப்படி தன் அறிக்கையில் இதைச் சொல்ல வேண்டும். தனியார் கம்பெனிகளில் குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்டவற்றுக்குத்தான் அந்த அறிக்கையிலிருந்து விலக்கு.

படி 6: மீறல் வரும் எனத் தெரிந்தால்

விகித நிபந்தனை மீறலும் வாராக்கடனும் ஒன்றல்ல. தவணைகள் ஒழுங்காகச் சென்றுகொண்டிருக்கையில் விகிதம் மட்டும் குறைந்தால் கணக்கு வாராக்கடனாகாது. ஆனால் அபராதக் கட்டணம் விதிக்கவும், ஒப்பந்தத்தைப் பொறுத்துக் கடனைத் திரும்பக் கேட்கவும் வங்கிக்கு உரிமை வருகிறது. ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கைக்குப் பின், இதை வட்டியோடு கூட்டி அபராத வட்டியாக வசூலிக்க முடியாது. தனிக் கட்டணமாகவே வசூலிக்கலாம், அந்தக் கட்டணத்தின்மீது மேலும் வட்டி போடவும் கூடாது. இந்தச் சுற்றறிக்கை நடைமுறைக்கு வந்த பிறகும் பழைய முறையில் பிடித்தம் நடந்திருந்தால் கேட்டு வாங்குங்கள்.

மார்ச் 31க்கு முன்பே, விகிதம் எவ்வளவு குறையும், ஏன், எந்தக் காலாண்டில் சரியாகும் என்று எண்களோடு எழுதி விலக்குக் கேளுங்கள். "பார்த்துக்கலாம் சார்" என்று மேனேஜர் சொன்னதை நம்பியிருக்க வேண்டாம். அவர் மாற்றலாகிப் போய்விடுவார், ஃபைல் அங்கேயே இருக்கும். விலக்கு கடிதமாகவோ வங்கியின் மின்னஞ்சலாகவோ கையில் இருக்க வேண்டும்.

படி 7: ஜாமீனும் கடன் முடிவும்

பிரைவேட் லிமிடெட் என்பதால் தன் பொறுப்பு பங்குத் தொகையோடு நின்றுவிடும் என்று நினைக்கும் இயக்குநர், தனிநபர் ஜாமீனில் கையெழுத்திட்டதும் அந்தப் பாதுகாப்பை இழக்கிறார். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். பதவி விலகினாலும் ஜாமீன் தானாக விலகாது. வங்கி எழுத்துமூலம் விடுவிக்கும்வரை நீடிப்பதாகவே கொள்ள வேண்டும்.

கடன் முழுவதும் தீர்ந்ததும் வங்கியிடம் நிலுவையின்மைச் சான்று, சொத்து ஆவணங்கள் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு, 30 நாட்களுக்குள் சி.எச்.ஜி.-4 படிவம் தாக்கல் செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் பதிவாளரின் ஏட்டில் அந்த ஈடு அப்படியே நிற்கும். அடுத்த வங்கிக்குக் கடன் கேட்டுப் போகும்போது அவர்கள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்.