செபமாலையோடு தூங்கிப்போன இரவுகளும் நான் கண்ட வழியும்

மூன்று பிள்ளைகள், வீட்டோடு ஒரு தையல் மெஷின், இவருக்கு இரணைமடுத் தண்ணீரை நம்பிச் செய்கிற வயல். கிளிநொச்சிப் பக்கம் எங்கள் வீட்டில் விடிய நாலரைக்கே புட்டு அவியத் தொடங்கிவிடும். இரவு பத்தரைக்குச் செபமாலையைக் கையில் எடுத்தால், பத்துப் பத்து மணியாகச் சொல்லுகிற ஐந்து பத்துகளில் இரண்டாம் பத்து முடிவதற்குள் தூங்கிவிடுவேன், விடிந்ததும் ஆண்டவரை ஏமாற்றிவிட்டேன் என்ற குற்ற உணர்வோடுதான் அடுப்பு மூட்டுவேன்.

கோவிலில் குருவிடம் பாவங்களைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லி அழுதபோது, குருவான சுவாமி வேதாகமத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியை நினைவுபடுத்தினார். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவரைத் தூதர் எழுப்பி, கண்டிக்கவில்லை, அப்பமும் தண்ணீரும்தான் கொடுத்தார், அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார்.

சரி என்று செபமாலையின் 53 மணியையும் ஒரே இருப்பில் சொல்லுவதை விட்டேன். கிணற்றடியில் ஒரு பத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுச் சைக்கிளில் தனியே திரும்பும்போது ஒன்று, துணி வெட்டும்போது இரண்டு. கடைசிப் பத்து மட்டும் பின்னேரம் பிள்ளைகளோடு, சின்னவள் பிழையாகச் சொன்னாலும் திருத்துவதில்லை.

ஞாயிறு பூசைக்குப் பிறகு மெஷினை மூடிவிடுவேன், அவசர ஓடர் என்றாலும் திங்கள்தான். இதற்கு மனம் ஒப்பத்தான் நாள் பிடித்தது, காசு விஷயம் அல்லவா. மத்தியானம் இவர் சமைப்பார், நான் வேப்பமரத்தடியில் பாய் போட்டுச் சும்மா இருப்பேன். ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு மடு மாதா கோவிலில் போய்த் தங்கும்போது மட்டும் கிடைத்த அமைதி இப்போது முற்றத்திலேயே கிடைக்கிறது.

கைக்குழந்தை வைத்திருக்கிற அம்மாமார் ஒரு பத்தோடு தொடங்குங்கள். நான் இப்போது ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறேன்.