உலோக வெட்டுதலை மாதிரியாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் கணக்கிட்ட வெட்டு விசை, டைனமோமீட்டரில் (விசை அளக்கும் கருவி) அளந்ததோடு பொருந்தியதும் மாதிரி சரி என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே மாதிரியை வைத்து, டூல் எத்தனை நிமிடம் தாங்கும் என்று சொல்லவும் கிளம்பிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். வெட்டு விசையின் பெரும்பகுதி, சீவல் (வெட்டுப்பட்டு வெளியேறும் உலோகம்) உருவாகும் இடத்தில் உலோகம் உருக்குலைவதால் எழுகிறது. சீவலுக்கும் டூலுக்கும் இடையிலான உராய்வைத் தப்பாகக் கொடுத்தாலும் அது அவ்வளவாக மாறாது. உராய்வின் குறை ஃபீட் திசை (டூலை முன்னே நகர்த்தும் திசை) விசையிலும், சீவலின் தடிமனிலும், சீவல் டூலைத் தொட்டுச் செல்லும் நீளத்திலும்தான் வெளிப்படும். இவற்றையும் ஒப்பிடாதவரை உராய்வைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சீவல் உரசிச் செல்லும் டூல் பரப்பான ரேக் முகம் முழுவதற்கும் ஒரே உராய்வுக் கெழுவைக் கொடுப்பது அடுத்த தவறு. வெட்டு விளிம்பின் அருகே அழுத்தம் மிக அதிகம். அங்கே, உராய்வு அழுத்தத்துக்கு நேர்விகிதம் என்னும் கூலும் விதியைப் போட்டால், உலோகத்தின் ஷியர் வலிமையையே (அடுக்குகள் சறுக்காமல் தாங்கும் வலிமை) மிஞ்சும் உராய்வுத் தகைவு கிடைக்கும். அப்படி நடக்க வழியில்லை. அதற்குள் உலோகமே நெகிழ்ந்துவிடும். 1963-இல் ஆய்வாளர் சோரெவ் முன்வைத்த படம் இன்றும் நல்ல தொடக்கம்: விளிம்பருகே ஒட்டும் பகுதி, அதைத் தாண்டி வழுக்கும் பகுதி. சுழலும் வட்டில் ஒரு முளையை உரசிப் பார்க்கும் பின்-ஆன்-டிஸ்க் சோதனையில் கிடைத்த கெழுவை அப்படியே எடுத்துப் போடுவதும் வேண்டாம். சீவலின் அடிப்புறம் அப்போதுதான் பிறந்த, ஆக்சைடு படியாத பரப்பு; அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் சாதாரண உராய்வுச் சோதனை தருவதில்லை.

உராய்வில் செய்த பிழை வெப்பத்துக்குள் நுழைகிறது. ஒட்டும் பகுதியில் வழுக்கு வேகம் கிட்டத்தட்ட இல்லை. எனவே சூடு பரப்பில் உரசுவதால் அல்ல, சீவலின் அடியில் உள்ள மெல்லிய அடுக்கு சிதைவதால் பிறக்கிறது. மெஷ் (கணக்குக்காகப் பொருளைச் சிறு எலிமென்ட்டுகளாகப் பிரித்த வலை) பருமனாக இருந்தால் அந்த அடுக்கு ஓரிரு எலிமென்ட்டுக்குள் அடங்கி, உச்ச வெப்பநிலை மழுங்கிப் போகும். கால அளவும் ஒரு பொறி. இப்படிப் பிரித்துச் செய்யும் ஃபைனைட் எலிமென்ட் கணக்கு பெரும்பாலும் சில மில்லி விநாடிகளே ஓடுகிறது. டூல் முழுவதும் நிலையான வெப்பத்தை எட்ட அது போதாது. விரைவாக எட்டவைக்க வெப்பப் பரிமாற்றக் கெழுவை உயர்த்துவது வழக்கம்தான். ஆனால் அந்தக் கணக்கில் வரும் வெப்பநிலை உயர்வின் வேகத்தை மெய்யென்று படிக்கக் கூடாது.

பொருள் தரவிலும் கவனம் தேவை. உலோகத்தின் வலிமை திரிபு, திரிபு வீதம் (உருக்குலையும் வேகம்), சூடு ஆகியவற்றோடு எப்படி மாறும் என்று சொல்லும் ஜான்சன்-குக் சமன்பாட்டின் மாறிலிகள் பெரும்பாலும் விநாடிக்குச் சில ஆயிரம் திரிபு வீதத்தில் எடுக்கப்பட்டவை. வெட்டும்போதோ அது லட்சத்தையும் எட்டும். டைட்டானியம் கலவையான டிஐ-6ஏஎல்-4வி ஒன்றுக்கே ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல மாறிலித் தொகுதிகள் உண்டு.

எல்லாப் பிழையும் வந்து குவியும் இடம் தேய்மானம். டூல் தேய்மானத்தைக் கணிக்கும் உசூயி சமன்பாட்டில் தேய்மான வீதமானது அழுத்தம், வழுக்கு வேகம், exp(−B/T) மூன்றின் பெருக்கலாக வருகிறது; இதில் T வெப்பநிலை, B பொருத்திப் பெறும் மாறிலி. B 20,000 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் 1200 கெல்வின் உள்ள இடத்தை மாதிரி 1250 என்று காட்டினால், தேய்மானம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். வெப்பநிலையில் நான்கு விழுக்காட்டுப் பிழைக்கு இந்த விலை! ஒரு வேகத்தில் பொருத்திய மாறிலிகளை வேறு வேகத்துக்கு நீட்டுவதும் ஆபத்து. குறைந்த சூட்டில் உராய்ந்தும் ஒட்டிப் பெயர்ந்தும் தேய்வது, கூடிய சூட்டில் அணுக்களின் பரவலால் தேயத் தொடங்கும், B-யே மாறிவிடும்.

தேய்ந்த டூலின் வடிவத்தைப் புதுப்பிக்காமல் கணக்கை ஓட்டுவதும் அதிகம் காணப்படுகிறது. ஃபிளாங்க் (வெட்டிய பரப்பை நோக்கிய டூல் பக்கம்) தேய்மானம், டூல் ஆயுள் சோதனைக்கான ஐஎஸ்ஓ 3685 தரம் சொல்லும் 0.3 மில்லிமீட்டரை நெருங்கும்போது, அந்தத் தேய்ந்த பட்டையே தனி வெப்ப ஊற்றாகிவிடுகிறது. ஆகவே வடிவத்தைப் படிப்படியாக மாற்றி, விசையையும் வெப்பத்தையும் மறுபடி கணக்கிட வேண்டும்.

கார்பைடு டூலில் எஃகை வேகமாக வெட்டும்போது ரேக் முகத்துக் குழியின் ஆழமான இடம் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளியே இருக்கும். மாதிரி காட்டும் மிகச் சூடான இடம் அதன் அருகே விழவில்லை என்றால், தேய்மான மாறிலிகளில் கை வைப்பதற்கு முன் உராய்வு மாதிரிக்குத் திரும்பிப் போங்கள்.