தெர்மோஸ்டாட் ஆஃப்லைன் ஆகிறதா? முதலில் டாங்கிளைப் பாருங்கள்

ஹோம் அசிஸ்டென்ட்டில் (வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் இயக்கும் மென்பொருள்) இணைத்த ஜிக்பீ தெர்மோஸ்டாட், அதாவது ஜிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்பில் பேசும் அறை வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி, அடிக்கடி தொடர்பு விட்டுப்போனால், உடனே ரீசெட் செய்ய வேண்டாம். பல நேரம் கோளாறு அதில் இருக்காது. கணினியில் செருகிய யுஎஸ்பி டாங்கிளை, அதாவது ஜிக்பீ சிக்னலை வாங்கி அனுப்பும் குச்சியைச் சுற்றித்தான் இருக்கும்.

யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் மாட்டிய எஸ்எஸ்டி சேமிப்பகமும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். ஜிக்பீ பேசுவதும் அங்கேதான். சந்தைக்கடையில் காதுக்குள் ரகசியம் சொல்வது போலத்தான் அது. சாதாரண யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றை யுஎஸ்பி 2.0 போர்ட்டில் மாட்டி, டாங்கிளைக் கணினியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். வைஃபை ரௌட்டர் பக்கத்திலும் வேண்டாம். இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் வழி வேறு எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் சேனல், அதாவது அந்த அலைவரிசைக்குள் ஒவ்வொன்றும் பேசும் எண்ணிட்ட தடம். ஜிக்பீ 11-ம் வைஃபை 11-ம் ஒன்றல்ல. ஜிக்பீ 11 மோதுவது வைஃபை 1-உடன். ஆகவே உங்கள் ஜிக்பீ 11-ல் இருந்தால், வைஃபையை 11-க்கு மாற்றினாலே போதும். ஜிக்பீ சேனலில் கை வைத்தால் சில கருவிகளை மறுபடி இணைக்க வேண்டி வரும்.

பேட்டரியில் ஓடும் தெர்மோஸ்டாட் தூரத்து அறையில் இருந்தால், நடுவழியில் ஒரு ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் மாட்டுங்கள். அது சிக்னலை வாங்கி அனுப்பும். அந்த பிளக் மாட்டிய சுவர் சுவிட்சை மட்டும் யாரும் அணைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் சரியாகவில்லையா? பேட்டரியை மாற்றுங்கள். 1.5 வோல்ட் கேட்கும் கருவியில் 1.2 வோல்ட் ரீசார்ஜபிள் செல் போட்டால், முழு சார்ஜ் இருந்தும் 'லோ பேட்டரி' என்று காட்டலாம்.