எலுமிச்சையும் ஆசிட்தான்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஹால் தரையில் தட்டு அகலத்துக்கு வெளுத்துப்போன ஒரு வட்டம். கீழே ஒரு வரி: "கெமிக்கலே போடலக்கா, வினிகர்தான் ஊத்தினேன்." பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன்.

கையுறை போடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். இயற்கை முறையில் வீட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கல் தரையில் புளிப்பை ஊற்றுவது

கடை ஆசிட்டை நான் விட்டதற்குக் காரணம் இருமல். கழிப்பறை கழுவ விற்கும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. ஜன்னல் இல்லாத எங்கள் பாத்ரூமில் அதன் நெடி நெஞ்சை அடைக்கும். டைல்ஸ் இடுக்கில் இருந்த சிமென்ட்டை அரித்தது, குழாய்களின் பளபளப்பையும் தின்றது. சரி, இயற்கைக்கு மாறுவோம் என்று வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சைத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு போட்டு மூன்று மாதம் ஊறவைத்து பயோ என்சைம் தயாரித்தேன். போர் தண்ணீரால் குழாயில் படிந்திருந்த உப்புக்கறை அதில் கரைந்தே போனது. அந்தக் குஷியில் ஹாலுக்கு வந்தேன்.

எங்கள் ஹால் அப்பா காலத்து மொசைக். குத்துவிளக்கு வைக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. தண்ணீர்கூடக் கலக்காமல் ஊற்றிவிட்டு, இரவு ஊறட்டும் என்று படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் பிசுக்கோடு மெருகும் போயிருந்தது. கையால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரத்தது.

பாலீஷ் போட வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஆசிட் ஊத்துனீங்களாம்மா?" என்றார். "ஆசிட் எல்லாம் கிடையாது, எலுமிச்சைதான்" என்றேன். "எலுமிச்சை மட்டும் என்னவாம்?" என்று சிரித்தார். இரண்டு நாள் மெஷின் ஓடியது, வீடு முழுக்க வெள்ளைச் சேறு. அந்த மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போனது.

விஷயம் இதுதான். குழாயில் படியும் உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மார்பிளும் அதேதான், மொசைக்கில் பதிக்கும் மார்பிள் சில்லும் அதேதான். சமையல் மேடையில் போடும் கறுப்புக் கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல் வகை. எது கறை, எது தரை என்று புளிப்புக்குத் தெரியாது, இரண்டையும் கரைக்கும். கடப்பா மேடையில் எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்த இடத்தில் வட்டம் விழுவதும் இதனால்தான். "இயற்கைதானே, ஒன்றும் ஆகாது" என்று சிரித்த முகத்தோடு சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உங்கள் தரை என்ன கல் என்று தெரியாவிட்டால், பீரோவுக்கு அடியில் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். மங்கினால் அந்தத் தரைக்கு வினிகர், எலுமிச்சை, புளி, பயோ என்சைம் எதுவும் ஆகாது. வெறும் தண்ணீரும் நன்றாகப் பிழிந்த துணியும் போதும். பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு. அது இயற்கை இல்லைதான், பரவாயில்லை.

பிளீச்சிங் பவுடரோடு கலப்பது

இதில் மட்டும் விளையாட வேண்டாம். பிளீச்சிங்கோடு கடை ஆசிட் சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும், வினிகரோ எலுமிச்சையோ சேர்ந்தாலும் வரும். ஒன்றைப் போட்ட இடத்தை நன்றாகக் கழுவிவிடாமல் இன்னொன்றை எடுக்காதீர்கள். அதற்காக பிளீச்சிங்கை வீட்டை விட்டே துரத்தவும் வேண்டாம். யாருக்காவது வாந்தி பேதி என்றால் நானே என் பாட்டில்களை ஓரம் வைத்துவிட்டு, கழிப்பறை கழுவ அதைத்தான் கரைக்கிறேன்.

சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து பாட்டிலில் அடைப்பது

நுரை வரும். அவ்வளவுதான். ஒன்றை ஒன்று முறித்துவிட்டு மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்.

பித்தளையைப் புளியில் ஊறப்போட்டு மறப்பது

சிவந்துவிடும். தேய்த்தோமா, கழுவினோமா என்று இருக்க வேண்டும்.

பயோ என்சைம் மூடியை இறுக்குவது

முதல் மாதம் தினமும் ஒருமுறை திறந்து, உள்ளே சேரும் காற்றை வெளியே விடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம்.

பாட்டிலில் பெயர் எழுதாமல் வைப்பது

சோப்புக்குப் பதிலாக நான் வைத்திருக்கும், பூந்திக்கொட்டையை வேகவைத்த தண்ணீர் நாலைந்து நாளில் நாறிவிடும் என்பதால் அதை ஃபிரிட்ஜில்தான் வைப்பேன். நிறம் அச்சு அசல் புளிக்கரைசல். ஒருநாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது அத்தை ரசம் வைத்தார். அடுப்பில் ரசம் நுரை கட்டியது, கட்டிக்கொண்டே இருந்தது. பதமாக வந்திருக்கிறது என்று இறக்கி, முதல் கரண்டியை மாமாவுக்குத்தான் ஊற்றியிருக்கிறார்.